அடுத்தவர் நாடகத்தில் நம்மவர் பாட்டு: பிராட்வேயின் இடைச்செருகல் காலம்

6 ஜனவரி (இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி)

அமெரிக்க இசைநாடகம் 1927 டிசம்பரில் ‘ஷோ போட்’ மேடையேறிய இரவில்தான் பிறந்தது என்று படித்தேன். அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் வந்தவை எல்லாம் கதையோடு ஒட்டாத பாட்டு மூட்டைகள் என்றும், அவற்றுக்கு இன்னார்தான் இசையமைப்பாளர் என்று சொல்வதே வீண் என்றும் எனக்குத் தோன்றுகிறது. மறுப்பவர் உண்டா?

7 ஜனவரி, இரவு 9.50

பாதியை ஒப்புக்கொண்டு பாதியை மறுக்கிறேன். பாட்டு மூட்டை என்பது உண்மை. ஆனால் அந்த மூட்டையை யார் கட்டினார், யாருடைய சரக்கு யாருடைய மூட்டைக்குள் போயிற்று என்பதில்தான் அந்தக் காலத்தின் கதையே அடங்கியிருக்கிறது. அதை ஒதுக்கினால் ‘ஷோ போட்’ வானத்திலிருந்து விழுந்த நாடகம் ஆகிவிடும்.

பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் ‘இடைச்செருகல்’ என்று ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். 1900களின் பிராட்வேக்கு, அதாவது நியூயார்க் நாடக உலகத்துக்கு, அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அங்கிருந்தவர்களும் ‘இண்டர்போலேஷன்’ என்று ஏட்டுக்காரர்களின் சொல்லைத்தான் கடன் வாங்கினார்கள். லண்டனில் ஓடிய இசைநாடகம் ஒன்றைச் சார்ல்ஸ் ஃப்ரோமன் போன்ற ஒரு தயாரிப்பாளர் நியூயார்க்குக்குக் கொண்டுவருவார். லண்டன் மெட்டுகளில் சில நியூயார்க்கில் எடுபடாது என்று அவருக்குத் தோன்றும். உடனே உள்ளூர் இளைஞர் ஒருவரிடம் நான்கைந்து பாட்டு வாங்கி, கதை எந்த இடத்தில் சற்றே மூச்சு வாங்குகிறதோ அங்கே செருகுவார். நாயகி தனக்குப் பிடித்த பாட்டைத் தானே கொண்டுவருவதும் உண்டு; பாட்டுத்தாள் அச்சிட்டு விற்கும் பதிப்பகத்தார் தங்கள் பாட்டை நுழைப்பதற்காக ஒத்திகைக் கூடத்தைச் சுற்றிவருவதும் உண்டு.

பின்னாளில் ‘ஷோ போட்’டுக்கு இசையமைத்த ஜெரோம் கேர்ன் அப்படிச் செருகப்பட்ட இளைஞர்களில் ஒருவர். 1885-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1905-இல் ‘தி ஏர்ல் அண்ட் தி கேர்ள்’ என்ற ஆங்கில நாடகத்துக்குள் போன ‘ஹவ்ட் யூ லைக் டு ஸ்பூன் வித் மீ’ என்ற பாட்டு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ நூறு பாட்டுகளைப் பிறருடைய நாடகங்களுக்கு எழுதிக் கொடுத்தார். ‘தி கேர்ள் ஃப்ரம் யூட்டா’ லண்டனில் 1913-இல் வந்தபோது அதன் இசை பால் ரூபன்ஸ், சிட்னி ஜோன்ஸ் ஆகியோருடையது. 1914 ஆகஸ்டில் அதை நியூயார்க்கில் ஏற்றியபோது ஃப்ரோமன் கேர்னின் பாட்டுகளைச் சேர்த்தார். அவற்றுள் ஒன்று ‘தே டிடன்ட் பிலீவ் மீ’. இன்று அந்த நாடகத்தின் பெயர் நினைவில் இருப்பதே அந்த ஒரு பாட்டினால்தான். வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரர் ஆன கதை.

7 ஜனவரி, இரவு 11.15

விட்டுப்போனது ஒன்று. நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு வீட்டு முற்றத்தில் போட்டிருந்த பழம்பொருள் விற்பனையில் அந்தப் பாட்டின் பழைய பாட்டுத்தாளை வாங்கினேன். உள்ளே யாரோ பென்சிலால் நிறையக் கிறுக்கியிருக்கிறார்கள். அழித்துச் சுத்தம் செய்யலாமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. பியானோவில் நான் தட்டுத்தடுமாறி வாசிப்பவன்தான். ஆனாலும் அந்தப் பாட்டை வாசிக்கும்போது ஒன்று விளங்கியது. லெஹார் இசையமைத்த ‘தி மெர்ரி விடோ’ 1907 அக்டோபரில் நியூயார்க்குக்கு வந்து 416 காட்சிகள் ஓடிய பிறகு, காதல் பாட்டு என்றாலே மூன்று தட்டு வால்ட்ஸ் என்று ஆகிவிட்டிருந்தது. பெண்கள் அந்த நாடகத்தின் பெயரில் அகலத் தொப்பி வாங்கி அணிந்த காலம் அது. கேர்ன் நான்கு தட்டில், ஒருவர் அருகிலிருப்பவரிடம் பேசுகிற நடையில் காதலைச் சொல்லியிருக்கிறார். குரலை உயர்த்தி மாடத்தில் இருப்பவர்களை எழுப்ப வேண்டிய இடமே அதில் இல்லை.

9 ஜனவரி

‘பிறகு மூட்டை எப்படி நாடகமாயிற்று?’ என்று கேட்டிருக்கிறீர்கள். என் விடை, மேற்கு 39-ஆம் தெருவில் இருந்த பிரின்சஸ் தியேட்டர். மொத்தம் 299 இருக்கைகள். அத்தனை சிறிய அரங்கில் நூறு ஆட்டக்காரிகளை நிறுத்த முடியாது. கப்பல் மூழ்கும் காட்சி வைக்க முடியாது. பெரிய வாத்தியக் குழுவை உட்கார வைக்கவும் முடியாது. மிச்சம் இருந்தவை கதையும் பாத்திரமும் பாட்டும்தான். எலிசபெத் மார்பரி என்ற நாடக முகவர் முன்னின்று நடத்த, கேர்னும் கதாசிரியர் கை போல்டனும் 1915-இல் தொடங்கினார்கள். பின்னர் பாட்டு வரிகளுக்கு பி. ஜி. வுட்ஹவுஸ் வந்து சேர்ந்தார். ஜீவ்ஸ் நகைச்சுவைக் கதைகளை எழுதிய வுட்ஹவுஸ்தான். அவர் இசைநாடகப் பாடலாசிரியராகவும் இருந்தவர் என்பதை எத்தனையோ முறை சொன்ன பிறகும் என் நண்பர் ஒருவர் நம்புவதாக இல்லை. மூவர் கூட்டணியின் ‘ஓ, பாய்!’ 1916-இல் வந்து 463 காட்சிகள் ஓடியது.

1917-இல் கேர்ன் கொடுத்த பேட்டி ஒன்றில், பாட்டுகள் நாடகத்தின் செயலைச் சுமக்க வேண்டும் என்றும், பாடுகிற பாத்திரத்தின் இயல்பு அவற்றில் தெரிய வேண்டும் என்றும் சொன்னார். ‘ஷோ போட்’டுக்குப் பத்து ஆண்டுகள் முன்பு சொன்னது இது. இடைச்செருகலை ஒழித்தவர் கேர்ன் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

9 ஜனவரி, சற்று நேரம் கழித்து

திருத்தம்: ‘ஓ, பாய்!’ 1917 பிப்ரவரி. மேலே 1916 என்று எழுதிவிட்டேன். அதை மாற்றவில்லை, தவறு கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும்.

10 ஜனவரி

சரியான அடி விழுந்திருக்கிறது. இடைச்செருகலை ஒழித்தவர் என்று நான் கொண்டாடிய கேர்னின் ‘ஷோ போட்’டுக்குள்ளேயே பிறர் பாட்டு இருக்கிறதே என்று ஒரு வாசகர் கேட்கிறார். இருக்கிறது. சார்ல்ஸ் கே. ஹாரிஸின் ‘ஆஃப்டர் தி பால்’ 1890களின் பாட்டு. அது இரண்டாம் அங்கத்தில் முழுதாக ஒலிக்கிறது. அதை இடைச்செருகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதை பழைய காலத்தில் நடக்கிறது. கதாநாயகி மேடையில் ஒரு பழைய பாட்டைப் பாடிக் கூட்டத்தை வசப்படுத்த வேண்டும். கூடத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பாட்டு ஏற்கெனவே மனப்பாடமாக இருந்தால்தான் அந்தக் காட்சி நடக்கும். கேர்ன் தாமே ஒரு போலிப் பழைய பாட்டை எழுதியிருக்கலாம், எழுதவில்லை. செருகுவதை எங்கே செருக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. செருகலிலேயே வளர்ந்தவர் அல்லவா?

இதைவிட எனக்குச் சங்கடம் தருவது ‘பில்’ என்ற பாட்டு. ஹெலன் மார்கன் அதை ‘ஷோ போட்’டில் பாடினார்; அந்தப் பாத்திரத்துக்கென்றே பிறந்தது போல இருக்கும். ஆனால் அது 1918-இல் ‘ஓ, லேடி! லேடி!!’ என்ற பிரின்சஸ் நாடகத்துக்காக வுட்ஹவுஸ் வரிகளோடு எழுதப்பட்டு, மேடைக்கு வருமுன் நீக்கப்பட்டது. அடுத்து இன்னொரு நாடகத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்த நாடகம் நியூயார்க்கை எட்டவே இல்லை. ஒன்பது ஆண்டுகள் பெட்டியில் கிடந்த பாட்டை எடுத்து, ‘ஷோ போட்’டின் பாட்டு வரிகளை எழுதிய ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் சில வரிகளை மாற்ற, அது ‘ஷோ போட்’டில் குடியேறிவிட்டது. 1946-இல் அந்த நாடகத்தை மீண்டும் ஏற்றியபோது, இந்தப் பாட்டு வுட்ஹவுஸுடையது என்று நிகழ்ச்சி நிரலில் ஹாமர்ஸ்டைன் அச்சிட வைத்தார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் பாத்திரத்தின் இயல்பிலிருந்து பாட்டு பிறக்க வேண்டும் என்ற 1917-ஆம் ஆண்டுக் கொள்கையை இந்தப் பாட்டின் அருகில் வைத்தால் நெளியத்தான் வேண்டியிருக்கிறது.

10 ஜனவரி, மாலை

தனிச் செய்தியில் நான் ஒருவருக்கு எழுதியதையும் இங்கே திருத்திவிடுகிறேன். ‘ஷோ போட்’டின் ‘ஓல் மேன் ரிவர்’ பாட்டை முதல் இரவில் பாடியவர் பால் ரோப்சன் அல்லர், ஜூல்ஸ் பிளெட்சோ. ரோப்சனை மனத்தில் வைத்து எழுதிய பாட்டுதான். ஆனால் அவர் அதை மேடையில் பாடியது 1928-இல், லண்டனில்.

14 ஜனவரி

மூன்று நாள் யோசித்த பிறகு, கேர்னிலிருந்து தொடங்கியதே என் தவறு என்று தோன்றுகிறது. விக்டர் ஹெர்பர்ட்டிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

ஹெர்பர்ட் செல்லோ வாசிப்பவர். 1886-இல் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா ஒரு சோப்ரானோ பாடகியை அமர்த்தியது. அவருடைய கணவராக அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர் இவர். பிட்ஸ்பர்க் சிம்பொனி இசைக்குழுவை 1898 முதல் 1904 வரை நடத்தினார். ‘பேப்ஸ் இன் டாய்லாண்ட்’ (1903), ‘தி ரெட் மில்’ (1906), ‘நாட்டி மேரியட்டா’ (1910) ஆகியவை அவருடையவை. மெட்டை மட்டும் போட்டுவிட்டு வாத்தியப் பகுதிகளை எழுதப் பிறரிடம் விடுவது பிராட்வேயின் வழக்கமாக இருந்தபோது, ஒவ்வொரு வாத்தியத்தின் வரியையும் தாமே எழுதியவர் அவர். தம் நாடகங்களில் அடுத்தவர் பாட்டு நுழைவதை அவர் விரும்பவில்லை. அதில் பிடிவாதமாகவே இருந்தார்.

அந்தப் பிடிவாதம் நீதிமன்றம் வரை போனது. நியூயார்க்கில் ஷான்லி என்ற உணவகம். அங்கே விருந்தினர் சாப்பிடும்போது கூலிக்கு அமர்த்திய பாடகர்கள் மேடையில் ஹெர்பர்ட்டின் ‘ஸ்வீட்ஹார்ட்ஸ்’ பாட்டைப் பாடினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். பாட்டுக்குத் தனியே கட்டணம் வாங்காதபோது அதை லாபத்துக்காக நடந்த நிகழ்ச்சி என்று சொல்ல முடியாது என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 1917 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ் அதைப் புரட்டினார்: இசைக்கு விருந்தினர் தனியே பணம் கொடுக்காவிட்டாலும் அதன் விலை அவர்கள் கட்டும் தொகைக்குள் அடங்கியிருக்கிறது, இசையால் பயன் இல்லையென்றால் உணவகம் அதை எப்போதோ கைவிட்டிருக்கும். 1914-இல் ஹெர்பர்ட் முன்னின்று தொடங்கிய ஆஸ்காப் என்ற இசையாசிரியர் சங்கம் காலூன்றியது இந்தத் தீர்ப்பால்தான். அதுவரை பாட்டு எழுதியவருக்குப் பாட்டுத்தாள் விற்றால் காசு. 1909-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இசைத்தட்டு ஒன்றுக்கு இரண்டு சென்ட். எத்தனை ஆயிரம் பேர் கேட்க எத்தனை உணவகங்களில் பாடினாலும் ஒன்றும் இல்லை.

பாட்டு யாருடையது என்ற கேள்வியை நாம் ரசனைக் கேள்வியாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு அது சோற்றுக் கேள்வியாக இருந்தது.

15 ஜனவரி

ஹெர்பர்ட்டின் கோபம் பற்றிக் கேட்டவருக்கு ஒரு சம்பவம். ‘நாட்டி மேரியட்டா’வின் நாயகி எம்மா ட்ரெண்டினி. ஒரு சிறப்புக் காட்சியில் ஹெர்பர்ட்டே இசைக்குழுவை நடத்தினார். ‘இத்தாலியன் ஸ்ட்ரீட் சாங்’ முடிந்ததும் கூட்டம் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டது. ஹெர்பர்ட்டும் குச்சியைத் தூக்கிவிட்டார். ட்ரெண்டினி பாட மறுத்தார். ஹெர்பர்ட் குச்சியை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். இனி அவருக்காக ஒரு சுரம்கூட எழுத மாட்டேன் என்றார். ட்ரெண்டினிக்கான அடுத்த நாடகம் இசையமைப்பாளர் இல்லாமல் நிற்க, தயாரிப்பாளர் ஆர்தர் ஹாமர்ஸ்டைன் பிராகிலிருந்து வந்த ருடால்ஃப் ஃபிரிமல் என்ற பியானோக்காரரைப் பிடித்தார். அதற்கு முன் மேடைக்கு எழுதி அறியாதவர். 1912 டிசம்பரில் ‘தி ஃபயர்ஃப்ளை’ வந்தது. ஃபிரிமல் அதற்குப் பிறகு வேறு வேலை தேட வேண்டியிருக்கவில்லை.

பாடகி தன் தொண்டைக்குத் தானே எஜமானி என்று நினைத்தார். இசையாசிரியர் பாட்டுக்கு நானே எஜமான் என்று நினைத்தார். நான் முன்பு ஹெர்பர்ட் பக்கம் இருந்தேன். இப்போது எழுதும்போது ட்ரெண்டினி பக்கம் சாய்கிறேன். அந்த வேடத்தின் உச்ச சுரங்களை இரவுதோறும் எட்டிப் பிடித்தவர் அவர்.

16 ஜனவரி

14-ஆம் தேதிக் குறிப்பை மீண்டும் படித்தேன். தூய்மைவாதியாக நான் வரைந்த ஹெர்பர்ட், 1920-இல் தயாரிப்பாளர் ஸீக்ஃபெல்ட் ஏற்றிய ‘ஸாலி’யில் என்ன செய்தார் தெரியுமா? பாட்டுகள் கேர்னுடையவை, பாலே நடனத்துக்கு இசை ஹெர்பர்ட்டுடையது. அடுத்தவரைத் தம் நாடகத்துக்குள் விடாதவர் தாமே கேர்னின் நாடகத்துக்குள் செருகலாகப் போய் உட்கார்ந்தார். அதற்கு முன்பே ‘மிஸ் 1917’ என்ற காட்சித் தொகுப்பிலும் இருவர் இசையும் கலந்தே இருந்தது. அதில் ஒத்திகைப் பியானோ வாசித்த பத்தொன்பது வயதுப் பையன், பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஜார்ஜ் கெர்ஷ்வின்.

21 ஜனவரி

இழை கொஞ்சம் திசை மாறட்டும். இந்த இசையாசிரியர்களின் பாட்டு யாருடையது என்பது போகட்டும், பிறந்தநாளாவது அவர்களுடையதா? ஜார்ஜ் எம். கோஹன் ஜூலை 4 அன்று, அதாவது அமெரிக்கச் சுதந்திர நாளில், பிறந்ததாக வாழ்நாள் முழுவதும் சொன்னார். ‘லிட்டில் ஜானி ஜோன்ஸ்’ (1904) நாடகத்தில் பாட்டாகவே பாடிவிட்டார். ஞானஸ்நானப் பதிவு ஜூலை 3 என்கிறது. ஹெர்பர்ட் டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர் என்று பெருமை கொண்டவர். அவர் பிறந்தது கர்ன்ஸி தீவில் என்று பின்னாளில் வெளிப்பட்டது. கறுப்பின இசையாசிரியர் யூபி ப்ளேக் 1983-இல் நூறாவது பிறந்தநாள் கொண்டாடி ஐந்தாம் நாள் இறந்தார். ஆவணப்படி 1887-இல் பிறந்தவர், ஆகவே 96. பிறப்புச் சான்றிதழிலும் இடைச்செருகல்.

24 ஜனவரி

ப்ளேக்கின் பெயர் வந்துவிட்டது. இத்தனை நாள் நான் கறுப்பின இசையாசிரியர்களைத் தொடாமலே எழுதிக்கொண்டிருந்தது சரியன்று.

வில் மேரியன் குக் பெர்லின் வரை சென்று யோவாகிம் என்ற வயலின் மேதையிடம் கற்றவர்; நியூயார்க்கில் செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக் தலைமை வகித்த இசைப்பள்ளியிலும் படித்தவர். கச்சேரி மேடை அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. நாடக மேடைக்கு வந்தார். 1903 பிப்ரவரியில் அவர் இசையில் ‘இன் டஹோமி’ நியூயார்க் தியேட்டரில் ஏறியது. நடிப்பு பெர்ட் வில்லியம்ஸ், ஜார்ஜ் வாக்கர். முழுக்க முழுக்கக் கறுப்பினத்தவர் எழுதி நடித்த நாடகம் பிராட்வேயின் பெரிய அரங்கு ஒன்றில் நடந்தது அதுவே முதல் தடவை. அங்கும் கறுப்பினப் பார்வையாளர்களுக்கு மாடியில்தான் இடம். 53 காட்சிகளுக்குப் பிறகு லண்டன் போனது. ஜூன் மாதம் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே நடித்தார்கள்.

இந்த இழைக்கு வேண்டிய செய்தி இதுதான்: ‘இன் டஹோமி’க்கு நிலையான பாடம் என்று ஒன்றும் இல்லை. ஊருக்கு ஊர் பாட்டுகள் மாறின, இடம் மாறின. வில்லியம்ஸின் புகழ்பெற்ற ‘ஐ’ம் எ ஜோனா மேன்’ குக்குடையது அன்று. அலெக்ஸ் ராஜர்ஸ் எழுதியது. பாட்டும் பியானோவும் அடங்கிய தொகுப்பு அச்சானது லண்டனில். நான் அதன் படியை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் கதையின் வரிசையைப் பாட்டுகளின் வரிசையோடு பொருத்திப் பார்த்துத் தோற்றேன். ஆனால் கூட்டுப் பாட்டுகளை வாசிக்கும்போது, நான்கு குரல்களும் தனித்தனியே நடக்கிற விதத்தில், பெர்லினில் படித்தவரின் கை தெரிகிறது. மூட்டை கட்டியவருக்கும் ஒரு முடிச்சு உண்டு. முதல் நாள் கேள்விக்கு நான் இப்போது தரும் விடை அந்த முடிச்சுதான்.

25 ஜனவரி

1921 மே மாதம் வந்த ‘ஷஃபிள் அலாங்’ பற்றித் தனியாக. இசை யூபி ப்ளேக், வரிகள் நோபிள் சிஸில். 63-ஆம் தெருவில் சொற்பொழிவுக் கூடமாக இருந்த ஓர் அரங்கு. வாத்தியக் குழுவுக்கு இடம் செய்ய முன்வரிசை நாற்காலிகளைப் பெயர்த்தார்கள். ‘ஐ’ம் ஜஸ்ட் வைல்ட் அபவுட் ஹாரி’ பாட்டை ப்ளேக் முதலில் வியன்னா பாணி வால்ட்ஸாகத்தான் போட்டார். நாயகி லாட்டி ஜீ, எங்கள் நாடகத்தில் வால்ட்ஸை யார் ஏற்பார்கள் என்று மறுக்க, ப்ளேக் மனமில்லாமல் அதை வேகமான இரண்டு தட்டுக்கு மாற்றினார். நாடகத்தின் பெரிய வெற்றிப் பாட்டு அதுவாயிற்று. மெட்டு ப்ளேக்குடையது, அதை ஓட வைத்த தாளம் ஒரு பாடகியின் பிடிவாதம். பாட்டுத்தாளில் அவர் பெயர் இருக்காது.

ப்ளேக் பின்னாளில் சொன்ன இன்னொன்று என் நினைவை விட்டுப் போவதில்லை. தேர்ந்த இசைக்கல்வி உடையவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஓபோ வாசித்தவர் பின்னர் சிம்பொனி எழுதிய வில்லியம் கிராண்ட் ஸ்டில். ஆனாலும் அவர்கள் முழு நாடகத்தையும் மனப்பாடமாக, முன்னால் தாள் இல்லாமல் வாசித்தார்கள். கறுப்பினத்தவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியும் என்பதை நம்ப வெள்ளைப் பார்வையாளர்கள் விரும்பவில்லை என்பதே காரணம்.

2 பிப்ரவரி

வாத்தியப் பகுதிகளை எழுதியவர்களை ஏன் பேசவில்லை என்று கேட்டது நியாயம். கேர்ன் மெட்டுப் போட்டார் என்றால், பிரின்சஸ் நாடகங்களில் அதைச் சிறு குழுவுக்குப் பங்கிட்டவர் ஃபிராங்க் ஸாட்லர். ‘ஷோ போட்’டில் அந்த வேலை ராபர்ட் ரஸல் பென்னட்டுடையது. இசையமைப்பாளர் இர்விங் பெர்லின் இன்னும் ஒரு படி கீழே: அவருக்கு இசைக்குறிப்பு எழுதவே தெரியாது. பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே வாசிப்பார். சுருதி மாற்ற வேண்டுமென்றால் கீழே ஒரு நெம்புகோலைத் திருப்பினால் விசைப்பலகை நகரும்படி செய்த பியானோ வைத்திருந்தார். எழுதிக்கொள்ள ஓர் உதவியாளர். அப்படிப்பட்டவரின் முதல் முழு நாடகமான ‘வாட்ச் யுவர் ஸ்டெப்’ (1914) நாடகத்தில், தம் ஆப்பெராவை ரேக்டைம் என்ற துள்ளல் இசை ஆக்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டு இத்தாலிய ஆப்பெரா இசையமைப்பாளர் வெர்டியின் ஆவி மேடைக்கு வரும். யாரும் கேட்க மாட்டார்கள்.

1982-இல் நியூ ஜெர்சியின் ஸெகாகஸ் ஊரில், வார்னர் நிறுவனத்தின் கிடங்கு ஒன்றில் எண்பது பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. கேர்ன், கெர்ஷ்வின் முதலானோரின் கையெழுத்துப் படிகளும் தொலைந்தவை என்று கருதப்பட்ட வாத்தியப் பகுதிகளும் அவற்றில் இருந்தன. இசை நடத்துநர் ஜான் மக்லின் 1988-இல் ‘ஷோ போட்’டை மூன்று குறுந்தகடுகளாகப் பதிவு செய்தபோது, 1927-இல் வாஷிங்டன் முன்னோட்டத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடிய நாடகத்திலிருந்து வெட்டியவற்றையும் சேர்த்தார். அவற்றுள் ‘மிஸரிஸ் கமின் அரௌண்ட்’ என்ற கூட்டுப் பாட்டை நூலகத்தில் இரவல் வாங்கிய தகட்டில் கேட்டேன். பாட்டு வெட்டப்பட்டதே தவிர, அதன் மெட்டைக் கேர்ன் விடவில்லை. தொடக்க இசையில் அப்படியே நிறுத்திக்கொண்டார். பார்வையாளர்கள் நாடகத்தில் இல்லாத பாட்டோடு நாடகத்துக்குள் நுழைந்தார்கள்.

11 பிப்ரவரி

அந்தப் பாட்டுத்தாளின் பென்சில் கிறுக்கலைப் படம் எடுத்துப் போடச் சொன்னீர்கள். போடுமுன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நல்லவேளை, அழிக்கவில்லை. ‘தே டிடன்ட் பிலீவ் மீ’யின் இரண்டாம் சரணத்தின் மேல் கோடு போட்டு அடித்திருக்கிறது. ஓரத்தில் அம்புக்குறி, அதன் கீழே கையால் இழுத்த ஐந்து கோடுகளில் எட்டு அளவு (எட்டுத் தாளச் சுற்று) இசைக்குறிப்பு. மெல்ல வாசித்துப் பார்த்தேன். இரண்டாம் அளவிலேயே தெரிந்துவிட்டது: லெஹாரின் ‘மெர்ரி விடோ’ வால்ட்ஸ். யாரோ ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில், கேர்னின் பாட்டுக்கு நடுவே, அவருக்குப் பிடித்த பழைய மெட்டைச் செருகி வாசித்திருக்கிறார்.

அவர் எழுதியபடியே வாசிக்க முயன்றேன். நான்கு தட்டிலிருந்து மூன்று தட்டுக்குத் தாவும் இடத்தில் இடது கை இரண்டு முறை தடுக்கியது. மூன்றாம் முறை போய்விட்டது.